இறப்பைக் கணக்கிடுதல்: வைத்தியசாலைத் தரவுப் பகுப்பாய்வாளரின் தொழில் பற்றிச் சில குறிப்புகள்

இலக்கிய ஆராய்ச்சியிற் பயின்ற ஒருவர் வைத்தியசாலைத் தரவுகளைப் பற்றி எழுத முற்படுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், ஒரு பிரதி எவரால், எவருக்காக, எவற்றை விலக்கி எழுதப்படுகின்றது என்னும் வினாக்கள் இலக்கியத்துக்கு மட்டும் உரியனவல்ல. அண்மைத் தசாப்தங்களில் மேலைநாட்டு வைத்தியசாலைகளில் புதியதொரு தொழிலாளர் பிரிவு தோன்றியுள்ளது. நோயாளரைத் தொடாது, மருந்து கொடாது, கணினியின் முன்னமர்ந்து சிகிச்சையின் தரத்தை அளப்பதே இவர்களது பணி. தரவுப் பகுப்பாய்வாளர் எனப்படும் இவர்கள் ஆக்கும் பிரதியே இங்கு நமது ஆய்வுப் பொருள்.

முற்போக்காளரிடையே இத்தகைய கணக்குகள் குறித்து ஓர் இளக்காரம் நெடுநாளாக உண்டு. எண் என்பது முகாமையாளரின் ஆயுதம், மனிதத் துன்பத்தை எண்ணாற் சொல்ல இயலாது என்பது அவர்தம் வாதம். அவ்வாறு கூறுவோர் மூலநூல்களை மறந்துவிடுகின்றனர். 1845இல் ஏங்கெல்ஸ் ஆங்கிலத் தொழிலாளரின் வாழ்நிலையை எழுதியபோது மான்செஸ்டர் நகரின் இறப்பு வீதங்களையே சான்றாக அடுக்கினார். மூலதனத்தின் முதற்பதிப்புக்கு 1867இல் எழுதிய முன்னுரையில், தொழிற்சாலைப் பரிசோதகர்களையும் பொதுச் சுகாதார அறிக்கையாளர்களையும் அவர்தம் நேர்மைக்காக மார்க்ஸ் வெளிப்படையாகவே பாராட்டுகின்றார். ஜோன் சைமனின் தலைமையில் வெளிவந்த சுகாதார அறிக்கைகள் இல்லாவிடின் அந்நூலின் சில அத்தியாயங்கள் அவ்வடிவில் எழுதப்பட்டிரா. எனவே எண்ணை வெறுப்பது மார்க்சியமன்று. எண் பிறக்கும் இடத்தை ஆராய்வதே மார்க்சியமாகும்.

எண் எங்கே பிறக்கின்றது? நோயாளி ஒருவர் வாட்டில் அனுமதிக்கப்படுகின்றார். வைத்தியர் அவசரமாகச் சில வரிகள் எழுதுகின்றார். தாதி வெப்பநிலையையும் நேரத்தையும் குறிக்கின்றார். நோயாளி வெளியேறியபின், அல்லது இறந்தபின், குறியீட்டாளர் என்னும் உத்தியோகத்தர் அவ்வேட்டை வாசித்து, சர்வதேச நோய்ப் பாகுபாட்டிலுள்ள எழுத்தும் இலக்கமும் கொண்ட குறியீடுகளாக அதனை மாற்றுகின்றார். இப்பாகுபாட்டின் வேர் 1893இல் பெர்ட்டிலோன் தயாரித்த பட்டியலிலும், அதற்கு முன்னர் இங்கிலாந்தின் வில்லியம் பார் செய்த வகைப்படுத்தலிலும் உள்ளது. மூப்பாலும் தனிமையாலும் பட்டினியாலும் நலிந்து, ஈற்றில் நிமோனியாவால் மடிந்த மூதாட்டியின் வரலாறு இங்கு ஓரிரு குறியீடுகளாகச் சுருங்குகின்றது. மொழிபெயர்ப்பில் கவிதை இழப்பதைவிட இதில் இழப்பு அதிகம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் 2003-04 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கொடுப்பனவு முறையின்படி, வைத்தியசாலைக்குக் கிடைக்கும் பணமும் இதே குறியீடுகளாலேயே தீர்மானிக்கப்பட்டது. இறப்பை எண்ணும் குறியீடே வருமானத்தையும் எண்ணியது.

பகுப்பாய்வாளர் இக்கட்டத்திலேயே வருகின்றார். அவரது நாளிற் பெரும்பகுதி கணிப்பதிற் கழிவதில்லை. துப்புரவு செய்வதிலேயே கழிகின்றது. ஒரே நோயாளிக்கு இரு இலக்கங்கள், அனுமதிக்கு முந்திய தேதியில் வெளியேற்றம், நிரப்பப்படாத கட்டங்கள் என இவற்றையெல்லாம் சீர்செய்த பின்னரே ஒரு வீதத்தைக் கணிக்க முடியும். இவ்வுழைப்பு அறிக்கையில் எங்கும் தெரிவதில்லை. பண்டத்தில் உழைப்பு மறைந்து பண்டமே தானாக மதிப்புடையதுபோலத் தோன்றுவதை மார்க்ஸ் விளக்கினார். அட்டவணையில் மின்னும் தசம எண்ணுக்கும் அவ்விளக்கம் நன்கு பொருந்தும்.

ஒரு வீதத்தின் அரசியல் பெரும்பாலும் அதன் பகுதியெண்ணிலேயே உறைகின்றது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய தேவதையாகவே நம் பாடநூல்கள் காட்டின. அவர் கைதேர்ந்த புள்ளிவிபரவியலாளர் என்பதோ, கிரிமியப் போரில் படையினர் பெரும்பாலும் காயத்தாலன்றித் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களாலேயே மடிந்தனர் என 1858இல் வரைபடமூலம் நிறுவினார் என்பதோ பலருக்குத் தெரியாது. வைத்தியசாலைகள் பற்றிய அவரது நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில், பாரின் கணிப்பு ஒன்றும் இடம்பெற்றது. இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் 1861ஆம் ஆண்டு இறப்பு நூற்றுக்கு 90.84 என்பதே அது. படித்தோர் திகைத்தனர், வைத்தியர்கள் வெகுண்டெழுந்தனர். உள்ளே செல்லும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிணமாகத் திரும்புகின்றனரா?

அவ்வாறன்று. ஓராண்டில் நிகழ்ந்த 3,828 இறப்புகளை, 1861 ஏப்பிரல் 8ஆம் நாளன்று கட்டில்களில் இருந்த 4,214 நோயாளரால் பார் வகுத்திருந்தார். ஒரு கட்டிலில் ஆண்டு முழுவதும் பலர் வந்துபோவர். அவ்வாறு அனுமதிக்கப்பட்ட அனைவரையும் பகுதியெண்ணாகக் கொண்டால் வீதம் பன்மடங்கு குறைந்துவிடும். எதிர்ப்பாளர் இதனைச் சுட்டிக்காட்டிப் பாரை ஏளனஞ் செய்தனர். அவர்கள் கூறியதில் உண்மை உண்டு. ஆயின் பாரின் கணிப்பைப் பிழையென ஒதுக்குவதும் பொருந்தாது. அது ஓராண்டுக் காலம் நிரம்பியிருந்த கட்டில் ஒன்றுக்கு எத்தனை இறப்பு என்னும் வினாவுக்கு விடை. அனுமதிகளால் வகுக்கும் முறைக்கோ இன்னொரு குறை உண்டு: இறக்கும் நிலையிலுள்ளவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடும் வைத்தியசாலை அம்முறையில் சிறந்ததாகத் தோன்றும். ஒரே சீரான பதிவுப் படிவங்கள் எல்லா வைத்தியசாலைகளிலும் வேண்டும் என நைட்டிங்கேல் 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டின் மூலம் வற்புறுத்தியதன் காரணம் இதிலிருந்து புலனாகும். மாநாடு அதனை ஏற்றது. நடைமுறை நெடுநாள் நிலைக்கவில்லை.

இங்கிருந்து நூற்றாண்டுக்கு மேல் தாண்டிப் பிறிஸ்டல் நகருக்கு வருவோம். அங்குள்ள அரச வைத்தியசாலையில் 1988இல் பணியேற்ற மயக்கமருந்து வைத்தியர் ஸ்டீவன் போல்சின், குழந்தைகளின் இருதய சத்திரசிகிச்சைகள் வழமைக்கு மாறாக நீண்டநேரம் எடுப்பதையும் குழந்தைகள் மிகுதியாக இறப்பதையும் கண்டார். அவர் தாமாகவே முடிவுகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். பகுப்பாய்வாளர் என்ற பதவிப்பெயர் அவருக்கு இருக்கவில்லை. செய்த வேலை அதுவே. மேலிடத்தார் செவிசாய்க்கவில்லை, 1996இல் அவர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுவிட்டார். 2001இல் வெளியான பகிரங்க விசாரணையின் அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், அக்காலத்துச் சாதாரண நிலையமொன்றில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 வரையானோர் கூடுதலாக இறந்தனர் என மதிப்பிட்டது. தரவு இல்லாமையன்று அங்குக் குறை. தரவு பல இடங்களிற் குவிந்து கிடந்தது. அதனை வாசிக்கும் பொறுப்பும், வாசித்ததைச் சொல்லும் அதிகாரமும் எவரிடமும் ஒருங்கே இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஐயமொன்று எழலாம். சில மாதங்களில் இறப்பு உயர்வதும் சில மாதங்களில் தாழ்வதும் இயல்பே. எந்த உயர்வு தற்செயல், எது எச்சரிக்கை? இதற்குப் பகுப்பாய்வாளர் பயன்படுத்தும் கருவி கட்டுப்பாட்டு வரைபடம் ஆகும். மாதந்தோறும் வரும் எண்களைப் புள்ளிகளாக இட்டு, நடுவே சராசரிக் கோடும், அதற்கு மேலுங் கீழும் மும்மடங்கு நியம விலகல் தூரத்தில் இரு எல்லைக் கோடுகளும் வரையப்படும். எல்லைக்குள் ஆடும் புள்ளிகளுக்குத் தனிக்காரணம் தேடுவது வீண். அவற்றை மாற்ற வேண்டின் முறைமையையே மாற்றவேண்டும். எல்லை கடந்த புள்ளிக்கே உடனடி விசாரணை. 1924இல் அமெரிக்காவின் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலைக்காக வோல்டர் ஷூஹார்ட் இதனை வகுத்தார். தொலைபேசி உதிரிப்பாகங்களின் பழுதை அடக்கப் பிறந்த கருவி இன்று குழந்தைகளின் உயிர்காக்க உதவுகின்றது. கருவியின் பிறப்பு அதன் பயனை முற்றாக நிர்ணயிப்பதில்லை.

பயன் திரிபடைவதும் உண்டு. ஸ்டாபோர்ட் வைத்தியசாலையின் கதை அத்தகையது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஓர் இறப்புச் சுட்டெண் வெளியிடப்பட்டு வந்தது. நோயாளரின் வயது, நோய், வறுமை முதலியவற்றைக் கருத்திற்கொண்டு எதிர்பார்க்கத்தக்க இறப்புகள் முதலில் மதிப்பிடப்படும். நிகழ்ந்த இறப்புகளை அத்தொகையால் வகுத்து நூறாற் பெருக்குவர். நூறு என்பது நாட்டின் பொதுநிலை. 2007இல் வெளிவந்த கணக்கில் ஸ்டாபோர்ட்டின் எண் 127. நிருவாகம் என்ன செய்தது? குறியீட்டுப் பிழையே காரணம் என முடிவுசெய்து, குறியீட்டாளரின் வேலையைத் திருத்தப் புகுந்தது. நோயாளரின் உறவினர்கள் வாட்டுகளிற் கண்ட பசியையும் தாகத்தையும் அழுக்கையும் திரும்பத் திரும்ப முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2006-07இல் ஒரு கோடி பவுண் சிக்கனஞ் செய்யவேண்டுமென நிருவாகம் பதவிகளைக் குறைத்திருந்த காலமும் அதுவே.

நோய் தணிப்புப் பராமரிப்பு என்னும் குறியீடு இங்கு முக்கியமானது. எப்படியும் இறக்கவிருந்தவர் என அக்குறியீடு அறிவிப்பதால், எதிர்பார்த்த இறப்பு உயரும், சுட்டெண் தாழும். அதன் பயன்பாடு பெருகினால் ஓர் உயிரையேனும் காப்பாற்றாமலே வைத்தியசாலை முன்னேறியதாகக் காட்டலாம். 2011இல் அறிமுகமான புதிய சுட்டெண் இக்குறியீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. வெளியேறி 30 நாட்களுக்குள் நிகழும் இறப்புகளையும் சேர்த்துக்கொள்கின்றது. பார் காலத்து விவாதத்தை அறிந்தவருக்கு இத்திருத்தத்தின் பொருள் உடனே விளங்கும்.

ஸ்டாபோர்ட்டில் பகுதியெண்ணுக்கும் முந்திய இடமொன்றில், எண் பிறக்குங் கணத்திலேயே, கறை படிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் நான்கு மணித்தியாலத்துக்குள் அனுமதிக்கப்படவோ இடமாற்றப்படவோ வெளியேற்றப்படவோ வேண்டும் என்பது அரசின் இலக்கு. தாதியர் போதாமையால் பதிவெழுதும் ஊழியரே நோயாளரை முதலில் மதிப்பிடும் நிலை அங்கு இருந்தது. இலக்கைத் தவறவிட்டால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் காத்திருந்த நேரங்கள் பொய்யாகப் பதியப்பட்டன என்று தாதியொருவர் றொபேர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணையிற் சாட்சியமளித்தார். பகுப்பாய்வாளரின் திரைக்கு வந்துசேரும்போது அந்நேரம் ஐயத்துக்கிடமற்ற ஓர் எண். கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும் புள்ளிவிபர ஒழுங்கு குலைந்துவிடும் எனப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் கூறியது நாணயக் கொள்கையைப் பற்றியது. ஆயினும் அது அச்சத்தின் கீழ் உழைக்கும் எந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். தாதியைக் குற்றஞ்சாட்டுவதால் இங்கு எதுவும் விளங்கப்போவதில்லை. தம்மை அளக்கும் எண்ணைத் தாமே எழுதவேண்டிய உற்பத்தி உறவில் அவர் நிறுத்தப்பட்டிருந்தார்.

அமெரிக்க உதாரணம் ஒன்றைச் சுருக்கமாகவேனும் கூறவேண்டும். கூடுதற் பராமரிப்பு யாருக்குத் தேவை எனக் கண்டறிய அங்குப் பரவலாகப் பயன்பட்ட கணினிச் செயல்முறை ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2019இல் தம் முடிவை வெளியிட்டனர். நோயின் கடுமைக்குப் பதிலாக, நோயாளிக்குச் செலவாகும் பணத்தை அச்செயல்முறை அளவாகக் கொண்டிருந்தது. சம அளவு நோயுற்ற கறுப்பினத்தவருக்குச் சமூகம் குறைவாகவே செலவிட்டு வந்ததால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகக் கணிக்கப்பட்டனர். குறையைத் திருத்தினால் கூடுதல் உதவி பெறுவோரில் அவர்களது பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5ஆக உயரும் என ஆய்வாளர் கண்டனர். பயன்பாட்டுப் பெறுமதியின் இடத்தில் பரிவர்த்தனைப் பெறுமதி அமர்ந்துகொள்வதற்கு இதைவிடத் தெளிவான பாடநூல் உதாரணம் கிடைப்பதரிது. அதை எழுதிய நிரலாளர்கள் இனத்தை ஒரு மாறியாகச் சேர்க்கவே இல்லை.

சராசரிக்குள் ஒரு மக்கட்பிரிவு மறைந்துபோவதை அறிய இலங்கையர் அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. குறைந்த செலவில் நிறைந்த சுகாதாரம் கண்ட நாடுகளுள் ஒன்றாக 1985இல் இலங்கை சர்வதேச அரங்கிற் போற்றப்பட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவும், வீடுவீடாகச் சென்று ஏட்டிற் குறித்துவரும் குடும்பநல உத்தியோகத்தரும் அதற்குப் பெருங் காரணம். ஆயினும் நாடளாவிய சிசுமரண வீதம் இறங்கிய ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களின் வீதம் அதைவிட மிக உயர்ந்தே நின்றது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது அங்கு இறப்பு மேலும் பெருகியது. நகரம், கிராமம், தோட்டம் என மூன்று நிரல்களாகத் தரவு வகுக்கப்பட்டிருந்தமையாலேயே இன்று இதனைக் கூற முடிகின்றது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிடக் கணினிக்கு ஒரு வரிக் கட்டளை போதும். தோட்ட மக்களின் தொகை சிறியது என்பதால் மொத்த எண் அதிகம் அசையப்போவதுமில்லை.

தாய்மரணத்தை ஆராயும் நம் நாட்டு முறை இவ்வகையில் வேறுபட்டது. தாயொருத்தி இறந்தால் அவ்வொரு மரணம் தனியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. களத்திலுள்ளோரும் வைத்தியசாலையிலுள்ளோரும் கூடி, எங்கே தாமதம் நேர்ந்தது, எது தவிர்த்திருக்கக்கூடியது என வினவுகின்றனர். பின்னரே அது குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தேசிய அட்டவணைக்குச் செல்கின்றது. அக்கூட்டத்தில் அமரும் குடும்பநல உத்தியோகத்தர் இறந்தவளின் வீட்டைப் பெரும்பாலும் அறிந்தவர். அவளது பெயர் அவருடைய ஏட்டில் மாதக்கணக்கில் இருந்திருக்கும்.