நெஞ்சுக்குள் நுழையும் குட்டி பலூன்... பெரம்பலூர், அரியலூர் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்!

"நம்ம மாமாவுக்கு திருச்சியில பலூன் வெச்சு அடைப்பை எடுத்துட்டாங்களாம்!"

பெரம்பலூர், அரியலூர் பக்கம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு சகஜம். ஆனால், அது என்ன பலூன்? சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திருவிழாவில் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்போமே, அதுபோலவா?

இல்லை. அப்படி இருந்தால் ஆபத்து!

ரப்பர் ஏன் சரிப்படவில்லை?

திருவிழா பலூனை ஒரு குழாய்க்குள் விட்டு ஊதிப் பாருங்கள். நெருக்கடியான இடத்தில் விரியாமல், இடம் கிடைக்கும் இரு பக்கமும் புடைத்துக்கொள்ளும். ரத்தக்குழாயிலும் அதேதான். அடைப்பு அப்படியே இருக்க, நல்ல பகுதி விரிந்து கிழியக்கூடும்.

1960-களில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி, அறுவை சிகிச்சைக் கையுறையின் சுண்டுவிரல் நுனியை வெட்டி, மெல்லிய குழாயின் முனையில் கட்டி பலூன் ஆக்கினார். உறைந்த ரத்தக்கட்டியை இழுத்து வெளியே எடுக்க அது போதுமானதாக இருந்தது. ஆனால், குழாயின் சுவரில் இறுகிப்போன கொழுப்பை அழுத்தித் தள்ள அதற்கு வலு போதாது.

சமையலறையில் பிறந்த கருவி

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வேலை பார்த்த மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக், வேலை முடிந்ததும் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவார். மனைவியும் உதவியாளரும் கூடவே. குழாய், பசை, நூல் என மாற்றி மாற்றிச் சோதனை. கடைசியில் கைகொடுத்தது பி.வி.சி. பிளாஸ்டிக். எவ்வளவு அழுத்தினாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது பெருக்கவில்லை.

1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயதுக்காரர் ஒருவரின் இதய ரத்தக்குழாயில் அந்த பலூனை விரித்தார். நெஞ்சைத் திறக்காமலே அடைப்பு விலகியது. 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

குரூன்ட்ஸிக்கிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். சென்னையில் பணியாற்றிய அவர், 1980-களில் இந்தச் சிகிச்சையை இந்தியாவில் வளர்த்தெடுத்தார். 2025 ஏப்ரலில் மறைந்த அவரை, 'இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை' என்கிறது மருத்துவ உலகம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்றைய இதய பலூன்கள் பெரும்பாலும் நைலான் வகைப் பொருள்களில் தயாராகின்றன. விரிந்த பிறகும் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம்தான். ஆனால், தாங்கும் அழுத்தமோ பைக் டயரைப்போலப் பல மடங்கு!

குடையை மடக்குவதுபோலச் சுருட்டப்பட்ட பலூன், மணிக்கட்டு அல்லது தொடை வழியாக இதயத்துக்குப் போகும். அதில் காற்று நிரப்ப மாட்டார்கள். பலூன் கிழிந்தால் காற்றுக்குமிழி உயிருக்கே உலை வைக்கும். எனவே, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை உப்புநீரில் கலந்து நிரப்புகிறார்கள். அடைப்பு விலகியதும், குழாய் மறுபடி சுருங்காமலிருக்க ஸ்டென்ட் வைப்பது வழக்கம்.

நேரம்தான் உயிர்!

பலூன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நோயாளி நேரத்துக்கு வந்து சேர வேண்டும். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், "வாயுவா இருக்கும்" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுப்பதுதான் பெரிய ஆபத்து. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே பைக் ஓட்டிப் போக வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி குறைவாக, மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும்கூட வரலாம்.

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகள் கொண்ட முதல் டோஸ் தருகிறார்கள். நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பலூன் சிகிச்சை உள்ள மருத்துவமனை தொலைவில் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டு அனுப்புவதும் உண்டு.

உங்கள் ஊருக்குப் பக்கத்து சுகாதார நிலையம் எது, இரவில் யார் இருப்பார்கள்? இன்றே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சமையலறை மேஜையில் பிறந்த அந்தக் குட்டி பலூன், நம் வீட்டு மனிதருக்கும் நேரத்தில் உதவட்டும்!