புளியமரப் பொந்துதான் இதன் குகை... ராமேஸ்வரம் சிலந்திக்கு என்ன ஆபத்து?

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரி முழுக்க வண்டல் மண். அங்கே போய் குகைச் சிலந்தியைத் தேட முடியுமா? பாறையே இல்லாத ஊரில் குகை ஏது! ஆனால் அதே கடற்கரையில் தெற்கே போனால், மரப்பொந்தையே குகை மாதிரி ஆக்கிக்கொண்ட ஒரு சிலந்தி ராமேஸ்வரத்தில் இருக்கு.

பெயர் 'பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா'. வாயில் நுழையாத பெயர்தான். ராமேஸ்வரத்தில் உள்ள ஹனுமவிலாசம் கோயில் வளாகத்தில் கிடைத்ததால், ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆய்வாளர் 2004-ல் இப்படிப் பெயர் வைத்தார். பிறகு கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரிலும் இது இருப்பது தெரியவந்தது.

இரை பிடிக்க இது வலை பின்னாது. பகல் முழுக்கப் பொந்துக்குள் பதுங்கியிருக்கும். இருட்டினதும் வாசலுக்கு வந்து, பக்கத்தில் வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். குஞ்சுகளும் கொஞ்ச காலம் தாயோடு அதே பொந்தில்தான் இருக்கும். பொந்து விழ மரத்துக்கு வயசாகணும். இன்றைக்கு நட்ட புளியங்கன்று இதற்கு உதவாது.

அமெரிக்காவின் ஹவாயில், கவாய் தீவின் எரிமலைக் குகைகளில் கண்ணே இல்லாத ஓநாய்ச் சிலந்தி ஒன்று இருக்கு. இருட்டிலேயே வாழ்ந்து கண்ணை இழந்த இனம். அந்தக் குகைகள் போனால் அதுவும் போச்சு. நம்ம சிலந்தியின் கதையும் கிட்டத்தட்ட அதேதான், குகைக்குப் பதில் புளியமரம்.

கடித்தால் உயிர் போகுமா?

கடித்தால் கடுமையான வலி, தசைப்பிடிப்பு வரலாம், மருத்துவரிடம் போகணும். ஆனால் இது தானாகத் தேடி வந்து கடிக்கும் ரகம் இல்லை. பயத்தில் அடித்துக் கொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு இருக்கா?

அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-லேயே பட்டியலிட்டது. வெளிநாடுகளில் இந்த வகைச் சிலந்திகளைச் செல்லப்பிராணியாக வளர்க்க வாங்குகிறார்கள். அதனால் 2019-ல் இந்தப் பேரினம் முழுவதும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இனி அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது.

ஆனால் சைட்டிஸ் பார்ப்பது விற்பனையை மட்டும்தான். பழைய புளியமரத்தில் கோடாலி விழுந்தால் அது தடுக்காது.