வெள்ளைக் கோடு கீறினால் போதுமா?

2015ஆம் ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற படம் ‘தீபன்’. ஜாக் ஓடியார் இயக்கிய இப்படத்தின் உரையாடல் பெரும்பாலும் தமிழிலேயே உள்ளது. போரில் மனைவி பிள்ளைகளை இழந்த முன்னாள் போராளி ஒருவன், முன்பின் அறியாத ஒரு பெண்ணையும் சிறுமியையும் தன் குடும்பம் என்று காட்டிப் பிரான்ஸ் போய்ச் சேருகிறான். தீபனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியும் இளவயதில் இயக்கத்தில் இருந்தவரே.

அவன் வேலை செய்யும் தொடர்மாடியில் போதைப்பொருள் கும்பல்கள் சுடுபடுகின்றன. ஒருநாள் தீபன் நிலத்தில் வெள்ளைக் கோடு கீறி, இது சூடு படாத வலயம் என்கிறான். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ‘பாதுகாப்பு வலயம்’ பார்த்த எமக்கு இக்காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோடு வெளியே, போர் அவன் மனதுக்குள்ளே. கடைசியில் அவன் மீண்டும் ஆயுதம் எடுக்கிறான். அதன் பின் அமைதியான வீடும் குழந்தையுமாகப் படம் முடிகிறது.

வாழ்க்கையில் அப்படி முடிவதில்லை. சண்டை பிடித்து மனக்காயம் ஆறாது. முன்னாள் போராளிகள் அனைவரும் வன்முறையாளர்களும் அல்லர். நித்திரையின்மை, கெட்ட கனவு, திருவிழா வெடிக்கே திடுக்கிடுதல், ஒருவரோடும் பேசாமை, திடீர்க் கோபம், குடி என்று அக்காயம் பலவாறு வெளிப்படும். போராளிகளாயிருந்த பெண்கள் பலர் இதை வெளியே சொல்லாமலே சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள்.

இது விசர் அல்ல. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் அனுபவங்களும் காரணமாக, 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இதை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனை ‘மனவடு’ என்று எழுதினார். உளவளத்துணையாலும், தேவையானால் மருந்தாலும் இதைக் குணப்படுத்தலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். சொல்ல வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். கனவில் அலறுபவரைத் தொட்டு உலுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “பாவம், சண்டையில பட்ட மனுசன்” என்று அடியைப் பொறுத்துக்கொள்ளும் சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். காயம் கோபத்துக்குக் காரணமாகலாம், அடிப்பதற்கு உரிமையாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவருக்கு வைத்தியம் தேடுவதும், நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.