80-ஆம் நம்பர் கதவு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை 2007-இல் கம்ப்யூட்டருக்கு மாறியது. வியாபாரி சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். விலை கேட்பது மட்டும் திரையில். 2021-இல் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள புற்றடியும் போடியும் ஒரே கிளவுட் ஏலத்தில் இணைந்தன.

இதைப் பார்த்து ஒரு கமிஷன் கடைக்காரர் தானும் வெப்சைட் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ், அதை ஓட்ட அப்பாச்சி வெப் சர்வர், மாத வாடகைக்கு 1 ஜிபி ராம் உள்ள ஒரு கம்ப்யூட்டர். சின்னக் கடைக்கு இது போதும்தான்.

சிக்கல் போடி பக்கத்துக் குரங்கணிக்கு மேலே, சரிவில் தொடங்குகிறது. அங்கே நின்று போனில் பக்கத்தைத் திறப்பவருக்கு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். காய் போட்டோ சொட்டுச் சொட்டாக இறங்கும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியைத் தனக்குள்ளேயே வைத்து ஓட்டும் பழைய பாணி அப்பாச்சியில், அந்த ஒருவருக்காக ஒரு முழு புராசஸ் கடைசி பைட் போய்ச் சேரும்வரை காத்துக் கிடக்கும். ஒவ்வொன்றும் பல மெகாபைட் மெமரியைத் தின்னும். இப்படி நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் படுத்துவிடும்.

ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் இருந்த இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர், ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சில புராசஸ்களிலேயே சமாளிக்கும். ஆனால் பிஎச்பி-யைத் தானாக ஓட்டாது. அப்பாச்சியில் வேர்ட்பிரஸ் நம்பியிருக்கும், விதிகள் எழுதிய எச்டிஆக்சஸ் கோப்பையும் படிக்காது. சரி, இரண்டையும் வைத்துக்கொண்டால்?

அங்கேதான் முட்டிக்கொள்ளும். வெப் சர்வருக்கு வழக்கமான போர்ட், அதாவது கதவு எண், 80. ஒரு முகவரியில் அந்தக் கதவை ஒரு புரோகிராம் பிடித்துவிட்டால் அடுத்ததற்கு இடமில்லை. விண்டோஸில் அப்பாச்சியோடு வரும் சாம்ப் தொகுப்பை நிறுவிய மாணவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்: அப்பாச்சி ஸ்டார்ட் ஆகாது, சிவப்பு எழுத்தில் போர்ட் 80-ஐப் பிடித்திருப்பது பிஐடி (புராசஸ் எண்) 4 என்று வரும். அது வைரஸ் அல்ல. விண்டோஸ் கெர்னலுக்குள் இருக்கும் எச்டிடிபி டிரைவர். பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ் முந்திக்கொண்டிருக்கும்.

வழி எளிது. அப்பாச்சியை 8080-க்கு நகர்த்தி, வெளியாட்கள் நேராக அணுக முடியாதபடி கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் உட்கார வைப்பார்கள். 80-லும், எச்டிடிபிஎஸ்-க்கான 443-லும் எஞ்சின்எக்ஸ் நிற்கும். போட்டோவை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். பிஎச்பி பக்கம் என்றால் பின்னால் கேட்டு வாங்கும். அப்பாச்சி சட்டென்று முழுப் பக்கத்தையும் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மெதுவான போனுக்கு மெதுவாக ஊட்டுவது இனி எஞ்சின்எக்ஸ் பாடு.

ஒரு பொறி உண்டு. அப்பாச்சியின் லாகில் எல்லோரும் 127.0.0.1-இலிருந்தே வந்ததாகப் பதிவாகும். தொல்லை தரும் ஒருவரைத் தடுக்கப் போனால் ஊரையே தடுத்ததாகிவிடும். எஞ்சின்எக்ஸ் வந்தவரின் உண்மையான ஐபி முகவரியைக் கோரிக்கையின் ஹெடரில் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்பாச்சியில் ரிமோட்ஐபி மாட்யூலைப் போட்டு அதைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு வெப்சைட் வேண்டும் என்பதற்காக மட்டும் இந்தப் பாடு தேவையில்லை. விர்ச்சுவல் ஹோஸ்ட் வசதியால் ஒரே சர்வர் பல தளங்களைப் பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இப்போது எஞ்சின்எக்ஸோடு, பிஎச்பி-யைத் தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் சேர்த்து, அப்பாச்சியே இல்லாமல் ஓட்டுகிறார்கள். பழைய தளம் வைத்திருப்பவர்தான், எச்டிஆக்சஸ் விதிகளை உட்கார்ந்து மாற்றி எழுத மனமில்லாமல், இரண்டையும் வைத்துக்கொள்கிறார்.