கையாற் செய்த பரிசும் காலத்தின் விலையும்

பண்டிகை ஒவ்வொன்றும் இரண்டு முகங்களோடு வருகின்றது. ஒரு முகம் மகிழ்ச்சி. மற்றொரு முகம் கணக்கு. தீபாவளியானாலும் நத்தாரானாலும் தைப்பொங்கலானாலும் நோன்புப் பெருநாளானாலும், நாள் நெருங்க நெருங்க, யாருக்கு என்ன கொடுப்பது என்னும் கேள்வி வீட்டிலே எழுந்துவிடுகின்றது. கடையில் வாங்கிக் கொடுப்பது எளிது. ஆயினும் கையாற் செய்து கொடுப்பதில் ஒரு தனி நிறைவு உண்டென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானதன்று. ஆனால், கையாற் செய்த பொருளுக்குச் செலவே இல்லை என்று கருதிவிடுவது தவறாகும். அதற்கும் விலை உண்டு. அவ்விலை பணமாக அன்றி நேரமாகக் கொடுக்கப்படுவதனாற் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

நேரமோ ஒருவருக்கு மட்டும் உரிய தனிச் சொத்தன்று. குடும்பத்தில் வாழும் ஒருவரின் மாலைப் பொழுதிலே பிள்ளையின் பாடத்துக்கும், முதியவரின் மருந்துக்கும், அடுப்பிலே ஏற்றிய உலைக்கும், தொழிலிடத்திலிருந்து வீடுவரை தொடர்ந்துவந்த வேலைக்கும் பங்கு இருக்கின்றது. பரிசு செய்வதற்கென்று எடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இப்பங்குகளுள் ஒன்றிலிருந்தோ உறக்கத்திலிருந்தோதான் எடுக்கப்படுகின்றது. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை அறிந்து எடுப்பது ஒருவகை. அறியாமல் எடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவது மற்றொரு வகை. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடே இங்கு ஆராயத்தக்கது.

இச்சிக்கல் இக்காலத்தில் மட்டும் தோன்றியதன்று. இங்கிலாந்திலே 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னி தபால் முறை நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்ஸ் நிறையுள்ள கடிதத்தை நாட்டின் எப்பகுதிக்கும் ஒரு பென்னிக்கு அனுப்ப முடிந்தபடியால், கடிதங்கள் பெருகின. அம்முறையை ஏற்படுத்த உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல் என்னும் அரசாங்க உத்தியோகத்தரே அதன் பயனாய் இடர்ப்பட நேர்ந்தது. நத்தார்க் காலத்திலே நண்பர் ஒவ்வொருவருக்கும் தம் கைப்பட வாழ்த்துக் கடிதம் எழுதுவது அக்கால வழக்கம். கோல் அவர்களுக்கோ நண்பர்கள் பலர். வேலைகள் அதனினும் பல. 1843ஆம் ஆண்டில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அச்சிடுவித்தார். நடுவிலே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சியும், இருமருங்கிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகளும் அமைந்திருந்தன. வணிக முறையில் வெளிவந்த முதல் நத்தார் வாழ்த்து அட்டை இதுவேயாகும். அவர் தேவைக்கு மிஞ்சியவை ஒன்று ஒரு சிலிங் வீதம் விற்கப்பட்டன.

ஈண்டு கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அச்சிட்ட அவ்வட்டைகளுக்கு வண்ணம் தீட்டியவை மனிதக் கைகளே. பெறுபவரின் பெயரை எழுதுவதற்கும், அனுப்புபவர் கையொப்பமிடுவதற்கும் இடம் விடப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் கையாற் செய்வது இயலாதென்று கண்ட கோல், கையினால் ஆகவேண்டிய பகுதி எது, பொறியிடம் விடத்தக்க பகுதி எது என்று பிரித்துக்கொண்டார். அன்பை அவர் குறைத்தார் என்று கூறுவதற்கில்லை. அன்பைத் தெரிவிக்கும் வேலையையே பங்கிட்டார்.

அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே நாட்டிலே இக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி ஆடைப் பங்கீடு தொடங்கிற்று. முதல் ஆண்டிலே ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஆடவர் ஒருவரின் உள்துணி வைத்த மேலங்கிக்கு 16 கூப்பன்களும், ஒரு சோடி சப்பாத்துக்கு 7 கூப்பன்களும் கொடுக்கவேண்டியிருந்தது. பின்னுவதற்குரிய கம்பளி நூலும் பங்கீட்டுக்குத் தப்பவில்லை. இரண்டு அவுன்ஸ் நூலுக்கு ஒரு கூப்பன். எனவே, எட்டு அவுன்ஸ் நூல் வேண்டிய ஒரு கம்பளிச் சட்டையைப் பின்னி நத்தார்ப் பரிசாகக் கொடுக்க விரும்பிய தாய், 4 கூப்பன்களை இழக்கவேண்டும். அந்த நான்கும் வளர்ந்துவரும் பிள்ளையின் சப்பாத்துக்கு வேண்டியவையாயும் இருக்கலாம்.

இந்நிலையிலே பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்து, நூலைக் கழுவி, சுருக்கம் நீக்கி, மீண்டும் பின்னும் வழக்கம் பெருகியது. 1943ஆம் ஆண்டிலே அந்நாட்டு வர்த்தகப் பகுதியினரே பழைய உடைகளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது பற்றிய கைந்நூலொன்றை வெளியிட்டனர். பங்கீடு 1949ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. அவ்வாண்டுகளிற் கைப்பரிசு என்பது பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது குடும்பத்தின் தேவைகளோடு ஒரே தராசில் வைத்து நிறுக்கப்பட்டது.

இலங்கை மக்களுக்கும் அத்தராசு புதியதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையிலே காத்து நின்றனர். அந்நாள்களிலே அயலாருக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பதா, இருக்கின்ற எரிவாயுவைப் பிள்ளைகளின் சோற்றுக்காகச் சேமிப்பதா என்பதை வீடுகள் தீர்மானிக்கவேண்டியிருந்தது. வழமையான ஆண்டுகளிலும் இக்கேள்வி மறைந்து நிற்கின்றதேயன்றி இல்லாமற் போவதில்லை.

இனி, கைப்பொருள்களின் இயல்பை ஆராய்ந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டென்பது விளங்கும். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதற்குரிய சார்வோலை, விரியாத குருத்தாக வெட்டப்பட்டு, விரித்து வெயிலிலே உலர்த்தப்படுகின்றது. ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, நிறம் வேண்டுமாயின் கொதிக்கும் சாயநீரிலே தோய்த்து, மறுபடியும் உலர்த்திய பின்னரே இழைக்கத் தொடங்கலாம். வட பகுதியிலே ஒக்டோபர் மாதம் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. அம்மழைக் காலத்தில் ஓலை செவ்வனே உலராது. ஈரம் தங்கினாற் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். ஆதலின், நத்தாருக்கோ பொங்கலுக்கோ பெட்டி கொடுக்க விரும்புபவர் ஆவணி வெயிலிலேயே ஓலையை உலர்த்தி வைத்தல் வேண்டும். மார்கழியில் நினைத்து மார்கழியில் முடிக்கத்தக்க வேலையன்று அது.

பலகாரத்தின் இயல்போ இதற்கு எதிர்மாறானது. முறுக்கும் பயற்றம் பணியாரமும் காற்றுப் புகாத தகரப் பேணியிலே சில நாள்கள் இருக்கும். பால் சேர்ந்த இனிப்போ விரைவிலே கெட்டுவிடும். அவற்றை முன்கூட்டிச் செய்து வைக்க இயலாது. இலங்கையிலே நத்தாருக்குச் செய்யப்படும் பழக் கேக் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முந்திரிகை வற்றல், மரமுந்திரிகைப் பருப்பு, பாகிலிட்ட பூசணி, பாகிலிட்ட இஞ்சி முதலியவற்றைச் சிறு துண்டுகளாக அரிந்து பல நாள் ஊறவைக்கலாம். ரவையும் முட்டையும் சேர்த்து வேகவைத்த பின்னரும் அது இருக்க இருக்கச் சுவை ஏறும். வேலையை வாரக் கணக்கிலே பிரித்துக்கொள்ள இடம் தருவது அதன் சிறப்பு.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சில வேலைகள் இடையிலே நிறுத்தத்தக்கவை, சில நிறுத்தத்தகாதவை. கைக்குட்டையிலே பூவேலை செய்பவர், குழந்தை அழுதால் ஊசியைத் துணியிலே குத்தி வைத்துவிட்டு எழுந்து போகலாம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர் அவ்வாறு போக இயலாது. இடையூறு மிகுந்த இல்லத்துக்கு நிறுத்தத்தக்க வேலையே பொருந்தும். நிறுத்தத்தகாத வேலைக்கு, வீட்டிலே வேறொருவர் மற்றைப் பொறுப்புகளை ஏற்கும் ஒரு நாளைத் தனியே ஒதுக்குதல் வேண்டும். பலருக்கு ஏற்படும் களைப்புக்குக் காரணம் வேலையின் அளவன்று. வேலையின் இயல்பும் வீட்டின் இயல்பும் பொருந்தாமையே.

இவற்றை ஒரு குடும்பத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். கணவன் எழுதுவினைஞர், மனைவி ஆசிரியை, பிள்ளைகள் இருவர், கணவனின் தாயாரும் உடனிருக்கின்றார். அவ்வாண்டு நத்தாருக்குப் பதினான்கு பேருக்குப் பெயரின் முதலெழுத்துப் பொறித்த கைக்குட்டைகளைத் தைத்துக் கொடுக்க மனைவி எண்ணுகின்றார் என்று கொள்வோம். ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும், மொத்தம் 42. நவம்பர் முதலாந் திகதி தொடக்கம் டிசெம்பர் 20ஆந் திகதி வரை 50 இரவுகள் உள. அவற்றுள் விடைத்தாள் திருத்துவதற்கும் தேவாலய அலுவல்களுக்கும் இருபது இரவுகள் போக எஞ்சுபவை முப்பது. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தாலும் 30 மணித்தியாலங்களே தேறும். குறைவது 12.

இப்பன்னிரண்டும் எங்கிருந்து வரும்? மாமியாரின் கண்ணிலே வெண்படலம் படர்ந்திருக்கின்றது. சத்திர சிகிச்சைக்கு டிசெம்பர் முதல் வாரத்திலே வைத்தியசாலையில் நாள் குறித்துள்ளனர். அதற்குக் கூடப் போகவேண்டும். பின்னர் நாள்தோறும் பலமுறை கண்ணுக்கு மருந்து விடவேண்டும். மருமகளின் அலைச்சலைக் காணும் முதியவர், "நத்தார் முடியட்டும், பிள்ளை, என்ரை கண் எங்கை ஓடிப்போகப் போகுது?" என்று சொல்லிவிடுகின்றார். அவ்வாறு சொல்லும்போது ஏற்றுக்கொள்வது மிக எளிது. நாளைத் தவறவிட்டால் மீண்டும் எத்தனை மாதம் காத்திருக்க நேருமோ என்பது அவ்வேளையில் நினைவுக்கு வராது. பிறரை மகிழ்விக்கத் தொடங்கிய வேலை, உடனிருப்பவரை இருளில் வைத்துவிடும் அபாயம் இவ்வாறுதான் ஓசையின்றி வீட்டினுள் நுழைகின்றது.

கணக்கை எழுதிப் பார்க்கும் குடும்பம் இவ்விடத்திலே விழித்துக்கொள்ளும். சத்திர சிகிச்சை நாள் மாற்றத்தகாதது, விடைத்தாள் மாற்றத்தகாதது, பிள்ளைகளின் உறக்க நேரம் மாற்றத்தகாதது. மாற்றத்தக்கது பரிசுப் பட்டியல் ஒன்றே. பதினான்கு பேருள் கைவேலையைப் போற்றி வைத்திருப்போர் ஐவர் எனக் கண்டால், அவர்களுக்குக் கைக்குட்டை. அதற்கு 15 மணித்தியாலங்கள் போதும். மற்றை ஒன்பதின்மருக்கும் ஒரே தடவையில் வேகவைத்த கேக்கிலிருந்து துண்டுகள். விடுமுறை நாளொன்றிலே கணவன் பருப்பை அரிய, பிள்ளைகள் கடதாசியைக் கத்தரித்து வைக்கலாம். பார்வை மங்கிய மாமியாரும், சிகிச்சைக்கு முன்னரே, முந்திரிகை வற்றலின் காம்புகளை விரலின் உணர்வினாலேயே ஆய்ந்து கொடுக்கலாம். ஒருவர் தனித்துச் சுமந்த வேலை ஐவர் கூடிய வேலையாகின்றது. ஐந்தாவது கைக்குட்டை நத்தாருக்குள் முடியாமற் போனால், தை மாதத்தில் அது போய்ச் சேரட்டும். பிந்தி வந்த பரிசினால் உறவு முறிவதில்லை.

சிறிது சிறிதாக, நாள்தோறும் செய்வதன் ஆற்றலுக்குக் காந்தியடிகளின் வாழ்வு சான்று. 1924ஆம் ஆண்டு அவர் தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரஸ் மகாசபையிலே, உறுப்பினர் மாதந்தோறும் 2,000 கெஜம் நூலைச் சந்தாவாகக் கொடுக்கவேண்டும் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் வரை சென்றதும் கதர் நிதி திரட்டுவதற்காகவே. எத்தனை அலுவல்களின் நடுவிலும் இராட்டினத்துக்கு உரிய நேரத்தை அவர் விடவில்லை. 1947ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி எலிசபெத் இளவரசியின் திருமணம் நிகழ்ந்தபோது, உடைமை எதுவுமற்ற அவர், தாம் நூற்ற நூலினால் ஆகிய பின்னல் துணியொன்றைப் பரிசாக அனுப்பினார். நூற்றவர் அவர், பின்னியவர் ஓர் இளம்பெண். அப்பரிசுக்காக அவர் தமது நாட்டு வேலையை நிறுத்திவைக்கவில்லை; முழு வேலையையும் தாமே செய்யவேண்டும் என்று பிடிவாதம் செய்யவுமில்லை. அன்றாட வாழ்வின் ஓரத்திலே சேர்ந்த நூலே பரிசாயிற்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், கைப்பரிசுக்கும் அன்றாட வாழ்வுக்கும் பகை இல்லை என்பது புலனாகும். பகை விளைவிப்பது காலந் தாழ்த்திய தீர்மானமே. எதை மாற்றலாகாது என்பதை முதலில் எழுதி, எஞ்சும் நேரத்தை அளந்து, அந்நேரத்துக்குள் அடங்கும் பரிசைத் தெரிந்துகொள்பவர் இடர்ப்படார். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியோர் கூறியது இதற்கும் பொருந்தும். பரிசைத் தெரிந்துகொண்டு அதன்பின் நேரத்தைத் தேடுபவரோ, வீட்டிலுள்ளோரின் பங்கிலேதான் கைவைக்க நேரும்.

கொடுத்த கைக்குட்டை ஒருநாள் கிழிந்துபோகும். கேக் அன்றே உண்ணப்பட்டு முடியும். ஆனால், குறித்த நாளிலே சிகிச்சை பெற்ற ஒரு தாய், நத்தார்க் காலையிலே தன் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகக் காண்பாளாயின், அவ்வீட்டிலே செய்யப்பட்ட பரிசுகளுள் அதுவே முதலாவதாகும்.