தலைப்பாகை காட்டிய வழி

வெள்ளவத்தையிலே கடலோரமாக ஓடும் புகையிரதத்தை நாள்தோறும் பார்ப்பவர்க்கு, இருப்புப் பாதை என்பது சமதரையில் நீட்டிவிட்ட இரண்டு தண்டவாளங்களே. அங்கே நிலம் மேடாவதுமில்லை, பள்ளமாவதுமில்லை. அதே கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கிச் சென்ற பாதையின் கதையோ வேறு. பதுளைக்கு அணித்தே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த தெமோதரை என்னும் சின்னஞ்சிறு நிலையம் அக்கதையை நன்கு விளக்கும்.

1864ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதற் புகையிரதம் ஓடிற்று. பாதை 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பண்டாரவளையிலிருந்து பதுளை ஏறத்தாழ 20 மைல். அந்த 20 மைலையும் கடந்து பாதை பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டில். இடையே முப்பது ஆண்டுகள் சென்றன. முதலாம் உலகப் போர் குறுக்கிட்டது ஒரு காரணம். மலை மற்றொரு காரணம்.

பட்டிப்பொலையை அடுத்து 6,200 அடிக்கு மேல் ஏறிய பாதை, பதுளையில் ஏறத்தாழ 2,200 அடிக்கு இறங்கியாக வேண்டும். இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. சரிவு மிகுந்தால் ஏறும் வண்டி வழுக்கும். இறங்கும் வண்டி தடைக்கு அடங்காது. ஆகவே 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேற்பட்ட சரிவு ஆகாதென்று வரையறுத்துக்கொண்டனர். அக்கணக்கின்படி 100 அடி இறங்குவதற்கு 4,400 அடி நீளமான பாதை வேண்டும். தெமோதரையிலோ மலை அதற்கு நேராக இடங்கொடுக்கவில்லை.

அங்கே கண்ட உபாயம் இதுதான். எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தில் நின்று புறப்படும். குன்றைச் சுற்றிச் சிறிது சிறிதாக இறங்கும். பின்பு, தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலே குடைந்த சுரங்கப் பாதையினுள் புகும். பாதையை வளைத்ததனால் நீளம் கூடிற்று. நீளம் கூடியதனால் சரிவு குறைந்தது. சுவிட்சர்லாந்திலே புரூசியோவில் 1908இலும், தார்ஜிலிங்குக்கு அருகே பத்தாசியாவில் 1919இலும் இத்தகைய சுற்றுப் பாதைகள் அமைந்தன. தெமோதரையின் சிறப்பு, பாதை தன்னைத் தானே கடக்கும் இடம் நிலையத்துக்கு நேர்கீழே அமைந்திருப்பதாகும்.

பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரோடு இச்சுற்றுப் பாதையைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். வழி காணாது தயங்கியிருந்த வேளையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே இந்த யோசனை பிறந்ததாம். இது வாய்மொழிக் கதை. இதனை அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆயினும் எளிதிலே தள்ளிவிடவும் வேண்டியதில்லை. மலைநாட்டு வீதிகளையும் இருப்புப் பாதைகளையும் அமைக்கப் பாறை உடைத்தும் மண் சுமந்தும் உழைத்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். அவருட் பெரும்பாலோரின் பெயர்கள் மறைந்துபோயின. பெயரற்ற அந்தக் கங்காணியின் தலைப்பாகை மடிப்புக்குள்ளேதான் அவர்களுடைய நினைவும் ஒதுங்கியிருக்கிறது.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் உலகெங்குமிருந்து உல்லாசப் பிரயாணிகளை ஈர்த்தது. அவர்களிற் பலர் தெமோதரையையும் தேடி வந்தனர். தோட்டங்களின் தேவைக்கென எழுந்த பாதையின் சிறு நிலையம், மேலே நின்று சுரங்கத்தின் வாயிலைப் படம் பிடிக்கும் இடமாயிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் கொண்டுவந்த பெருமழையால் மலைநாட்டு இருப்புப் பாதை பல இடங்களிலே மண்சரிவுக்கு உள்ளாகிச் சிதைந்தது. சரிந்த மண்ணை அகற்றவும் பெயர்ந்த தண்டவாளத்தைத் திருத்தவும் அன்று போலவே மீண்டும் மனிதர் கைகள் வேண்டியிருந்தன. தெமோதரையில் நின்று அந்த வளைவைக் கண்டு வியப்போர், அதனை வளைத்த கைகளையும் ஒரு கணம் எண்ணுதல் தகும்.