‘இணைநோய்’ என்ற சொல்லின் விலை

2020-ஆம் ஆண்டின் கோடையில், ஒவ்வொரு மாலையும் தமிழக சுகாதாரத் துறையின் அறிக்கைக்காக ஊரே காத்திருந்தது. இறந்தவர்களின் பெயர் அதில் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மருத்துவமனை என்ற விவரங்களோடு சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் என்றும் குறித்திருப்பார்கள். ‘இணைநோய்’ என்ற சொல் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தது அப்போதுதான். “அவருக்கு பிரஷர் இருந்துச்சாம், அதான்” என்று சொல்லிவிட்டு, பிரஷர் இல்லாதவர்கள் சற்று மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவர்கள் எண்ணிக்கையும் சிறிதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும், பெண்களில் 21 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் அதிகம், அல்லது அதற்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

பிரஷருக்கும் கொரோனாவின் தீவிரத்துக்கும் உண்மையில் என்ன உறவு? முதலில் வந்த கணக்குகள் மிரட்டின. 2020 பிப்ரவரி இறுதியில் வெளியான சீன ஆய்வில் 1,099 நோயாளிகள். நோய் முற்றியவர்களில் 23.7 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது; மற்றவர்களில் 13.4 சதவீதம். நியூயார்க் பகுதியில் மருத்துவமனையில் சேர்ந்த 5,700 பேரை ஆராய்ந்தபோது 56.6 சதவீதம் என்று வந்தது. பாதிக்கும் மேல்!

ஆனால் இந்த எண்ணுக்குள் வயது ஒளிந்திருக்கிறது. நியூயார்க் நோயாளிகளின் நடு வயது 63. அந்த வயதில் அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எப்படியும் பிரஷர் இருக்கும். இங்கிலாந்தில் 1.7 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு, 2020 ஜூலையில் இந்த முடிச்சை அவிழ்த்தது. வயது, சர்க்கரை, உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு, மொத்தத்தில் பிரஷர் மட்டும் தனியாக ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. 70-க்குக் கீழ் உள்ளவர்களிடம் மட்டும் ஓரளவு தெரிந்தது.

அப்படியானால் பிரஷரை அலட்சியம் செய்யலாமா? கூடாது. வூகானில் அவசரமாக எழுப்பிய ஹுவோஷென்ஷான் மருத்துவமனையின் கணக்கு, விஷயத்தின் நாடியைத் தொடுகிறது. அங்கே சேர்ந்த 2,877 பேரில் 850 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் மாத்திரை சாப்பிட்டுவந்த 710 பேரில் 23 பேர் இறந்தார்கள். சாப்பிடாத 140 பேரில் 11 பேர். அதாவது 3.2 சதவீதத்துக்கு எதிரே 7.9 சதவீதம். சின்ன எண்ணிக்கைதான், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் பல வருடக் கட்டுப்பாடில்லாத அழுத்தம் ரத்தக் குழாயின் உட்சுவரையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தேய்த்து வைத்திருக்கும். கொரோனா தாக்குவதும் நுரையீரலை மட்டுமல்ல, இதே உறுப்புகளையும்தான்.

இந்த நேரத்தில்தான் மாத்திரையின் மீதே பழி விழுந்தது. கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையும் கதவின் பெயர் ஏசிஇ-2. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாத்திரைகள் அந்தக் கதவுகளை அதிகமாக்கக்கூடும் என்ற ஊகத்தை, 2020 மார்ச்சில் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்று சிறு கடிதமாக வெளியிட்டது. ஊகம் செய்தியானது, செய்தி வதந்தியானது. இரண்டே நாளில் ஐரோப்பிய இதயநோய் நிபுணர்களும், அடுத்த சில நாளில் அமெரிக்க நிபுணர்களும் “மாத்திரையை நிறுத்தாதீர்கள்” என்று அறிக்கை விட்டார்கள். இத்தாலியின் லொம்பார்டியில் 6,272 கொரோனா நோயாளிகளை, நோய் வராத 30,759 பேரோடு ஒப்பிட்டார்கள். மாத்திரையால் ஆபத்து கூடவில்லை. பிரேசிலில் 659 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த மாத்திரைகளை 30 நாள் நிறுத்தியே பார்த்தார்கள். நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை.

ஆகவே காய்ச்சல் வந்தாலும் பிரஷர் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. கடுமையான வாந்தி பேதியால் உடல் வற்றிப்போனால் சில மாத்திரைகளை மருத்துவரே தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார், அது வேறு. கவனிக்க வேண்டியது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மற்றவற்றை. மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரையும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டும் அப்படித்தான். கொரோனாவுக்குத் தரும் ரிட்டோனவிர் கலந்த மருந்தோ, நம்மூரில் பரவலாகச் சாப்பிடும் அம்லோடிபினின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். எழுதித்தரும் மருத்துவரிடம் பிரஷர் மாத்திரைச் சீட்டைக் காட்டுவது அதனால்தான் அவசியம்.

தடுப்பூசி போட்டாயிற்றே என்பவர்களுக்கு ஒரு செய்தி. லாஸ் ஏஞ்சலிஸில் மூன்று டோஸ் போட்டும் ஒமிக்ரான் தொற்றிய 912 பேரைப் பார்த்ததில், மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு பிரஷர் உள்ளவர்களுக்கு இரு மடங்குக்கும் மேல் இருந்தது. இங்கே 2021 மார்ச் 1 முதல், 45 வயதைக் கடந்த இணைநோயாளிகளுக்கு முன்னுரிமைத் தடுப்பூசி என்றார்கள். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் வெறும் பிரஷருக்கு இடமில்லை. நெஞ்சுவலி, பக்கவாதம் போன்ற ஏதாவது ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். இறப்புப் பட்டியலில் இடம்பிடித்த நோய்க்கு ஊசி வரிசையில் இடமில்லாமல் போனது விசித்திரம்தான். ஒரே மாதத்தில் 45 தாண்டிய எல்லோருக்கும் கதவு திறந்ததால் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

ஊரடங்கில் மாத்திரை தீர்ந்தவர்கள் தவித்த தவிப்பைத் தொடர்ந்து, பிரஷர், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதம் வரை மருந்து தரலாம் என்று 2020 ஏப்ரலில் மத்திய அரசு வழிகாட்டியது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இது இலவசம். பெயர் பதிவாகவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

இணைநோய் என்ற சொல் அதிகம் குழப்பியது இறப்புச் சான்றில். கொரோனா தொற்றி இறந்தவருக்கு மாரடைப்பு என்றோ உயர் ரத்த அழுத்தம் என்றோ எழுதிவிட்டால், குடும்பம் எங்கே போய் நிற்கும்? பிரஷர் போன்றவற்றை அடிப்படைக் காரணமாக எழுதக் கூடாது, துணைக் காரணமாகத்தான் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சென்னையில் மட்டும் விடுபட்ட 444 இறப்புகளை அந்த ஜூலையில் ஒரே நாளில் கணக்கில் சேர்க்க வேண்டிவந்தது.

2021-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கருணைத்தொகை அறிவிக்கப்பட்டது. சான்றில் ‘கொரோனாவால் இறந்தார்’ என்ற வரி இல்லை என்பதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பு, வீட்டில் நேர்ந்திருந்தாலும் கணக்கில் சேரும். விபத்து, தற்கொலை போன்றவை பற்றிய விதிகள் தனி. விண்ணப்பக் கெடு 2022-ல் முடிந்துவிட்டது. உரிய காரணத்தால் தவறவிட்டவர்கள் மாவட்டக் குறைதீர்க் குழுவை அணுகலாம், குழு ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும் என்றும் நீதிமன்றம் வழிவிட்டிருந்தது.

காப்பீட்டிலும் இதே தகராறுதான். “முன்பே பிரஷர் இருந்ததை மறைத்தீர்கள்” என்று கைவிரிப்பார்கள். விண்ணப்பத்தில் பிரஷரை எழுதாமல் விடச் சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்டால் பின்னால் தலைவலி. மாறாக, சொல்லியிருந்தால் பிடி நம் கையில். நோயாளி சொன்ன உடல்நிலையைத் தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதையே காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று மன்மோகன் நந்தா வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-ல் வந்த விதிப்படி, ஐந்து ஆண்டு இடைவிடாமல் பிரீமியம் கட்டிய பாலிசியை, மோசடி நிரூபணமானால் தவிர, ‘மறைத்தார்’ என்று மறுக்க முடியாது.

மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றோடு விண்ணப்பத்தில் பிரஷரைக் குறிப்பிட்ட பக்கத்தின் நகலையும் இணைக்க வேண்டும்.